கொழுகொம்பு கேட்காத கேவடா

புணேயின் வாகடுக்குக் குடிவந்த முதல் ஜூனில், மழை இறங்கியதும் பால்கனித் தொட்டிக்கு ஒரு பொட்டலம் விதை வாங்கினேன். மேலே மராத்தியில் ‘கேவடா’ என்று போட்டிருந்தது. நம் அவரையையும் இந்த ஊரில் அந்தப் பெயரால் சொல்லக் கேட்டிருந்ததால், இரண்டு மூங்கில் குச்சி ஊன்றிச் சணல் கட்டி வைத்தேன். செடி ஒன்றரை அடி வளர்ந்தது, பூத்தது, காய்த்தது. குச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முளைத்தது பீன்ஸ், அதிலும் குத்துச்செடி வகை. விதை சரியாகத்தான் இருந்தது. நான்தான் பெயரை நம்பிக் குச்சி ஊன்றியிருந்தேன்.

அவரை என்றதும் தமிழ்க் காதில் கொடியும் சேர்ந்தே விழும். குறுந்தொகையின் 82ஆம் பாட்டில், தினை கொய்த புனத்தில் கொழுத்த கொடியாய்க் கிடக்கும் அவரை, அற்சிரம் என்னும் கடும்பனிக் காலத்தில் பூத்துவிடுகிறது, தலைவன்தான் வந்தபாடில்லை. பாட்டு சொல்லும் பருவம் பயிரியலுக்கும் ஒத்துப்போகிறது. பகல் குறுகினால்தான் பழைய அவரை ரகங்கள் பூக்கும். ஆடியில் ஊன்றிய விதை மார்கழி, தை வரை பந்தலில் இலையாய்ப் படர்ந்து காத்திருக்கும். கன்னடத்தில் அது அவரெ, மலையாளத்தில் அமர. அதன் தாவரவியல் பெயரில் உள்ள ‘லாப்லாப்’ அரபுச் சொல். படர்ந்தேறும் கொடியைக் குறிப்பது. அரபிக்காரரும் தமிழரும் அந்தச் செடியிடம் முதலில் பார்த்தது கொடியைத்தான் போலும்.

பீன்ஸ் நமக்குப் புதிது. மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைச்சரிவிலும் தனித்தனியே பயிராகி, கொலம்பஸுக்குப் பின் கடல் தாண்டியது. அதை ‘ஃபேசியோலஸ் வல்காரிஸ்’ என்று 1753இல் பதிந்தார் லின்னேயஸ். ஆனால் ஃபேசியோலஸ் என்பது கிரேக்கரும் ரோமரும் தங்கள் ஊர்ப் பயறு ஒன்றுக்கு, பெரும்பாலும் காராமணிக்கு, வைத்திருந்த பெயர். புதுக் குடித்தனக்காரருக்குப் பழைய வீட்டின் சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. மராத்தியும் கேவடா என்ற பெயரை இப்படித்தான் கொடுத்திருக்கிறது. கன்னடம் இன்னும் தாராளம்: கொள்ளுக்கு உரிய ‘ஹுருளி’யோடு ஒரு ‘காயி’ சேர்த்து, பீன்ஸை ஹுருளிகாயி ஆக்கிவிட்டது.

குத்துச்செடியை லின்னேயஸ் வேறு இனம் என்றே நினைத்து ‘நானஸ்’, அதாவது குள்ளன், என்று பெயரிட்டார். 1866இல் அச்சான மெண்டலின் பட்டாணிக் கட்டுரையில், இந்தக் குள்ளனையும் நெடிய கொடியையும் கலந்து பார்த்த சோதனையும் வருகிறது. தண்டின் நீளம் பட்டாணியில் அவர் கண்ட மரபுக் கணக்குக்கே கட்டுப்பட்டது. இன்று இரண்டும் ஒரே இனம். கொடி வகையில் தண்டின் நுனி வளர்ந்துகொண்டே போகும். குத்துச்செடியில் அந்த நுனியே பூங்கொத்தாகி நின்றுவிடும். மேலே போக வழியில்லாத செடி கொழுகொம்பைக் கேட்குமா? காயும் மாதக்கணக்கில் வராது. ஐம்பது நாளில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டி முடித்துவிடும். தொட்டிக்கு இது தோதான குணம். ஓர் அங்குல ஆழத்தில் நேரே விதையை ஊன்றலாம். நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் பொறுக்காது. கடும் வெயிலில் பூ உதிரும். அதனால் புணேயில் மழைக்காலமும் அதையடுத்த குளிரும்தான் இதற்குப் பட்டம்.

அந்தப் பட்டத்தையே மராத்தி பெயரில் முடிந்து வைத்திருக்கிறது. பச்சைக் காய்க்கு ‘ச்ராவண் கேவடா’ என்று பெயர். ஜூன் மழையில் ஊன்றி ஐம்பது நாள் எண்ணினால் ச்ராவண மாதம் வந்து நிற்கும். காய்கறி வண்டிக்காரர் கூவும் இன்னொரு பெயர் ‘ஃபரஸ்பீ’. ‘ஃபிரெஞ்சு பீன்’ மராத்தி நாக்கில் உருண்டு தேய்ந்த உருவம். முற்றி உலர்ந்த விதைக்கும் கேவடாதான். சாத்தாரா மாவட்டத்துக் கோரேகாவின் ‘வாக்யா கேவடா’, புலிவரி போட்ட பயறு, புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. நம் சமையலறையில் பச்சைக்காய் ஆங்கிலத்தில் பீன்ஸ், உலர்விதை இந்தியில் ராஜ்மா. ஒரே செடியின் மக்கள், ஒருவரையொருவர் தெரியாமல் அடுத்தடுத்த டப்பாவில் இருக்கிறார்கள்.

பீன்ஸ் என்ற சொல்லின் வாலைப் பாருங்கள். ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டியபடியே வந்து நம்மிடம் ஒருமையாகிவிட்டது. “பீன்ஸ் முத்திப்போச்சு” என்கிறோம். இலங்கைத் தமிழர் சொல்லும் போஞ்சி டச்சுக்காரர் விட்டுப்போனது. ‘போன்ச்சே’ என்றால் டச்சில் சின்னப் பயறு. சிங்களத்திலும் அது போஞ்சிதான். அதே டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் அது ‘புஞ்சிஸ்’; பன்மையின் ‘ஸ்’ அங்கே தங்கிவிட்டது, இலங்கையில் உதிர்ந்துவிட்டது. எந்தக் கப்பலில் வந்த காய் என்பதைச் சொல்லின் வால் காட்டிக்கொடுக்கிறது.

அவரையைத் தமிழ் ஏன் இரவல் தரவில்லை என்று முன்பு எனக்குக் குறை இருந்தது. அந்தக் குச்சிகளுக்குப் பிறகு இல்லை. இரவல் பெயர் பழைய செடியின் குணத்தையும் சுமந்துவந்து ஏமாற்றும். பீன்ஸ் என்ற வெற்றுச் சொல் எதையும் சொல்லாது, பொய்யும் சொல்லாது. சொல்ல வேண்டியதைத் தமிழ் முன்னால் சேர்த்துக்கொண்டது: கொடி பீன்ஸ், செடி பீன்ஸ், நீளமாய்த் தொங்குவதற்கு முருங்கை பீன்ஸ்.

மறு வருஷம் விதைக்கடையில் மராத்திக்கும் அதே முன்னொட்டைக் கேட்டேன்: “வேலா, ஜுடுபியா?” மராத்தியில் வேல் என்றால் கொடி, ஜுடுபி என்றால் புதர்வகை. கடைக்காரர் ஜுடுபி என்றார். மூங்கில் குச்சிகள் இப்போது துணி உலர்த்தும் கயிற்றுக்கு முட்டுக்கொடுக்கின்றன.