சரக்கு உள்ளே! மனிதன் வெளியே!

அவன் நம்மைப் பார்த்தான். பார்த்த கணமே கீரைக்கட்டுகளின் பின்னே குனிந்துகொண்டான்.

மதுரை அண்ணாநகர் உழவர் சந்தை. ஆயுத பூசைக்கு முந்தைய வாரம், வேலைநாள் காலை. கதிரவன் இன்னும் கண் விழித்து முடிக்கவில்லை. சந்தையோ விழித்து நெடுநேரமாகிவிட்டது. வெண்டையும் புடலையும் கொத்தவரையும் குவியல் குவியலாக! பருவத்தின் வரவாக வெண்பூசணி மலை மலையாக! குனிந்தவன் நம் வகுப்பு மாணவன். அருகே அவன் தாய், கழுத்தில் அடையாள அட்டையுடன் காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி ஒளிகிறாய்?” என்றோம்.

“ஒண்ணுமில்லீங்க ஐயா” என்றான். தாய்தான் விடை தந்தார்: “கூடப் படிக்கிற பிள்ளைக பாத்தாக் கேலி பண்ணுவாகளாம் சார். காய் விக்கிறது வெக்கமாம்!”

வெண்டையைக் கூடையிலே ஏந்திக்கொள்ளும் உலகம், அதை விளைத்தவர் மகனை வெட்கித் தலைகுனிய வைக்கிறது! இந்த வெட்கம் எங்கே பிறந்தது? யார் பெற்றது? யார் வளர்த்தது? விடை தேடி வரலாற்றேட்டைப் புரட்டினோம். சரக்கை உள்ளே விட்டு மனிதனை வெளியே நிறுத்திய மூன்று மதில்கள் அங்கே எழுந்து நின்றன.

மதுரைக்கு அங்காடி புதிதன்று. பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி அதன் எழிலைக் காட்டுகிறது. பெருமைதான், பேசிப் பூரிக்கலாம். ஆனால், அங்காடி அழகாக இருந்தது என்பதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. அங்காடிக்குள் யார் தலைநிமிர்ந்து நின்றார், யார் எட்டி நின்றார் என்று கேட்கும்போதுதான் உண்மையான வரலாறு தொடங்குகிறது.

முதல் மதில், சாதி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்தது; 19ஆம் நூற்றாண்டிலே அது திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிந்ததே குற்றமெனப்பட்டது. 1858, 1859ஆம் ஆண்டுகளின் தோள்சீலைக் கலவரத்தின்போது, கடைவீதிக்கு வந்த பெண்களின் மேலாடை பலர் பார்க்கக் கிழித்தெறியப்பட்டது. அந்தோ! பொருள் வாங்க வந்த இடத்திலே மானம் பறிக்கப்பட்டது. 1859இல் மன்னரின் அறிவிப்பு மேலாடைக்கு இசைவு தந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற முள்ளை உள்ளே வைத்தே தந்தது!

அதே திருவிதாங்கூரில், புலையர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வயலிலே உழைத்தனர். அவர்கள் கைபட்ட நெல் மாளிகைக்குள் சென்றது. அவர்கள் கால் மட்டும் சந்தைக்குள் செல்லலாகாது! நெல்லில் ஒட்டாத தீட்டு, நெல்லை விளைத்த கையில் மட்டும் ஒட்டிக்கொண்டது எப்படி? வைதீகம் இன்றுவரை விடை சொல்லாத வினா இது. விடைக்காகக் காத்திராத வீரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் அய்யன்காளி. தடைசெய்யப்பட்ட சாலையில் 1893இல் வில்வண்டி ஓட்டிச் சென்றவர், 1912இல் தோழர்களுடன் நெடுமங்காடு சந்தைக்குள் நுழைந்தார். தடுத்தவர்களோடு மோதல் மூண்டது, அவர்கள் பின்வாங்கவில்லை. வைக்கம் தெருவுக்காகப் பெரியார் சிறை ஏகிய 1924க்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. சந்தைக்குப் போவதே ஒரு போராட்டமாக இருந்த காலம் அது!

இரண்டாம் மதில், தரகு. சாதி மதிலில் வழி பிறந்த இடத்திலும், உழவன் உள்ளே வந்து தன் பொருளுக்குத் தானே விலை சொல்ல முடிந்ததா? இல்லை. விதைக்கும்போது முன்பணம் கொடுத்தவரின் மண்டிக்கே விளைச்சல் சென்றாகவேண்டும். எடையும் அவருடையது, விலையும் அவருடையது, கணக்கும் அவருடையது. கடன் மட்டும் உழவனுடையது! தரகு ஒரு பிடித்தம், எடைக்கூலி ஒரு பிடித்தம், கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று இன்னுமொரு பிடித்தம்! இந்திய வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் தந்த அறிக்கையிலேயே, இத்தகைய பிடித்தங்களையும் மறைவாக விலை பேசும் வழக்கத்தையும் கண்டித்தது. 1933இல் சென்னை மாகாணத்திலே வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை அமைந்தது. பருத்திக்குக் காவல் கிடைத்தது. பஞ்சாலைகளின் தேவை அப்படி! கத்தரிக்கும் கீரைக்கும் அந்தக் காவல் எட்டவில்லை.

பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ பிறந்தது. ஆந்திரத்தில் 1999 சனவரியில் ‘ரைத்து பசார்’ பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 14இல், கலைஞர் ஆட்சியிலே, நாம் நின்ற இதே அண்ணாநகரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. நிலத்தையும் பயிரையும் சரிபார்த்து உழவருக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை இல்லை, தரகர் இல்லை, அன்றன்று விலை குறித்த பலகை. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூட, வெளிச் சில்லறை விலையைவிட 15 விழுக்காடு குறைய என்பதே அந்த விலையின் கணக்கு. இடைவெளியை விழுங்கிய வாய் மூடப்பட்டது. விளைத்தவர் வயிறும் வாங்கியவர் வயிறும் குளிர்ந்தன. 2001இல் ஆட்சி மாறியபின் இச்சந்தைகள் கவனிப்பின்றி வாடின. 2006க்குப் பின்னரே மீண்டும் தழைத்தன. மக்கள் தம் உடைமையென்று காக்காத எதுவும் ஆட்சியின் காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாயும் என்பதற்கு அது பாடம்.

இரு மதில்களைச் சொன்னோம். மாணவனைக் குனிய வைத்தது மூன்றாவது மதில். கல்லால் கட்டப்படாதது, கருத்தால் கட்டப்பட்டது. அதன் பெயர் இழிவு. உழவுத்தொழில் சான்றோரால் பழிக்கப்படுவது என்று கூறுகிறது மனுநூலின் பத்தாம் அத்தியாயம். காரணம், கலப்பை மண்ணையும் அதில் வாழும் உயிரையும் புண்படுத்துகிறதாம்! உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, உலகத்துக்கே அச்சாணி உழவரெனப் போற்றினார் வள்ளுவர். இரண்டு நூல்கள், இரண்டு நெறிகள்! வாயால் வள்ளுவரைப் போற்றி, மனத்தால் மனுவைப் பின்பற்றும் சமுதாயத்திலேதான் ஒரு சிறுவன் தன் தாயின் தராசைக் கண்டு நாணுகிறான்.

அந்த வெண்பூசணிக் குவியலைப் பாருங்கள். மூன்று திங்களுக்கு மேலாக நீர் பாய்ச்சிக் காத்த காய். அடுத்த வாரம் குங்குமம் தடவி நடுத்தெருவிலே போட்டு உடைப்பார்கள், கண்ணேறு கழியுமாம்! கழிவது உழவரின் உழைப்பு. வருவது வழுக்கி விழும் விபத்து. உழைப்பின் அருமை அறிந்த கை, உணவைத் தெருவிலே உடைக்குமா?

கண்ணாடி மாளிகைக் கடையிலே அச்சிட்ட விலையை வாய்திறவாது கொடுக்கும் நாம், கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் வாதாடுகிறோமே, அதுவும் அந்த மூன்றாம் மதிலின் ஒரு செங்கல்தான். நம் கையிலும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, தோழர்களே!

நாம் மாணவனிடமே கீரை கேட்டோம். தாய் தராசை அவன் கையில் தந்தார். முதலில் தயங்கினான், பிறகு பலகையைப் பார்த்தான், நிறுத்தான், கூட்டினான், மீதிச் சில்லறையைப் பிழையின்றி எண்ணித் தந்தான். வகுப்பிலே கணக்குக்கு எழுந்து நிற்கத் தயங்குபவன் அவன்! மறுநாள் வகுப்பில், நெடுமங்காடு சந்தையின் கதையைச் சொன்னோம். “காய் விற்கவா அத்தனை அடி வாங்கினார்கள்?” என்று வியந்தது ஒரு குரல். அவன் மட்டும் குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

தோழர்களே, இளைஞர்களே! உங்கள் ஊர் உழவர் சந்தைக்கு ஒரு வேலைநாள் காலை செல்லுங்கள். பலகை விலையைக் கொடுங்கள். விளைத்தவரிடம் இரண்டு சொல் பேசுங்கள். “என் தாய் உழவர்” என்று அந்தச் சிறுவன் வகுப்பறை அதிரச் சொல்லும் நாளிலே மூன்றாம் மதிலும் சாயும். அன்றுதான் சரக்கோடு மனிதனும் சந்தைக்குள் வந்து சேர்ந்தான் என்று வரலாறு எழுதும்!