குட்டி யானை 'மிஸ்ஸிங்' அடிக்குதா? பிளக் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சிவகாசி சுற்றுவட்டாரத்தில் பேப்பர் பண்டல், தீப்பெட்டி, அட்டைப்பெட்டி, பட்டாசு என எது நகர்ந்தாலும் அதற்கு ஒரு பிக்கப் வண்டி வேண்டும். ஆனைக்குட்டம் மாதிரி ஊர்களில் சொந்தமாக வண்டி ஓட்டுபவருக்கு வீட்டுச் செலவும் வண்டி டியூவும் அதிலிருந்துதான். தீபாவளி லோடு நேரத்தில் வண்டி குலுங்கி, 'பிக்கப் இல்ல, மிஸ்ஸிங் அடிக்குது' என்றால் பலரும் செய்வது இரண்டு. ஆக்சிலேட்டரை மிதித்து எப்படியோ ஓட்டிவிடுவது, இல்லையென்றால் பிளக்கை மாற்றுவது. முதலாவது ஆபத்து. இரண்டாவது பல நேரம் தண்டச்செலவு.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவதுதான் மிஸ்ஃபயர். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம்ம ஊர் குட்டி யானை, 702 சிசி டீசல் இன்ஜினுடன் வந்த இரண்டு சிலிண்டர் வண்டி. நான்கு சிலிண்டர் பொலிரோ பிக்கப்பில் ஒன்று படுத்தால் மீதி மூன்று இழுக்கும். குட்டி யானையில் ஒன்று படுத்தால் பாதி இன்ஜின் போச்சு! லோடோடு ஒரு சின்ன மேடு ஏறுவதற்குள் தெரிந்துவிடும்.

லைட் மின்னினால் ஓட்டாதீங்க

பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளில் மீட்டரில் உள்ள இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் சீக்கிரம் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். சிலிண்டரில் எரியாத எரிபொருள் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அது சிவக்கப் பழுத்துவிடும் அளவுக்குச் சூடாகலாம். காய்ந்த புல் மேல் நிறுத்தினால் புல்லே பற்றிக்கொள்ளும்.

வெடிபொருள் ஏற்றும் வண்டிகளின் சைலன்ஸரில் தீப்பொறி தடுப்பான் வைப்பதே இந்தப் பயத்தில்தான். அதனால் ஆலை வாசலிலோ, குடோன் அருகிலோ, சரக்கு ஏற்றிய நிலையிலோ பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்துத் தீப்பொறி பார்க்கும் பழைய வேலை வேண்டவே வேண்டாம். 'ஒரு நிமிஷ வேலை'தான். ஆனால் இந்தப் பகுதியில் அந்த ஒரு நிமிஷம் போதும்.

எந்த சிலிண்டர்?

2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ்-6 வண்டிகளில் ஸ்கேனர் போட்டால் பாதி விடை கிடைக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 வந்தால் மாறி மாறி அடிக்கிறது என்று அர்த்தம். கோட் சொல்வது இடத்தை மட்டும்தான், எந்த பாகம் கெட்டது என்பதை அல்ல. கோடைப் பார்த்ததும் பிளக் வாங்க ஓடுவது இங்கேதான் தப்பாகிறது.

சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டியில் முதல் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோட் 0302-க்கு மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா? அடுத்து பிளக்கை, அதற்கடுத்து இன்ஜெக்டரை இதேபோல் இடம் மாற்றலாம். காசு செலவே இல்லாத டெஸ்ட் இது. மழையில் தண்ணீர் இறங்கிய பிறகு தொடங்கிய மிஸ்ஸிங் என்றால், காயில் ரப்பரில் ஈரமோ வெடிப்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கழற்றிய பிளக்கும் கதை சொல்லும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கரிசல் மண் புழுதியில் ஓடும் வண்டிக்கு இது சகஜம். ஆயில் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெள்ளையாக வெந்திருந்தால் காற்று அதிகம், எங்கோ ஹோஸ் லீக். சிஎன்ஜி எரிய அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால், கேப் அகன்ற பிளக் பெட்ரோலில் ஓடிவிட்டு கேஸில் மட்டும் மிஸ்ஸிங் காட்டும். பிளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் இன்ஜின் ஆறிய பிறகுதான்.

டீசல் வண்டி என்றால்?

டீசலில் பற்றவைக்கும் பிளக்கே கிடையாது. ஹீட்டர் பிளக் குளிரில் ஸ்டார்ட் ஆக உதவுவது மட்டும்தான். ஃபில்டரில் தண்ணீர், டீசல் லைனில் காற்று, நாசில் அடைப்பு, இந்த வரிசையில் பாருங்கள். ஃபில்டருக்குக் கீழே உள்ள ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்தால் போதும், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

பழைய பம்ப் வண்டிகளில் நாசில் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பார்கள். தளர்த்தியும் இன்ஜின் சத்தம் மாறவில்லை என்றால் அதுதான் படுத்த சிலிண்டர். அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அங்கே டீசல் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஓடும். பீய்ச்சினால் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். சின்ன ஊசித் துளை போலத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம். இந்த வண்டிகளில் ரிட்டர்ன் லைனில் எவ்வளவு டீசல் திரும்புகிறது என்று அளந்துதான் கெட்ட இன்ஜெக்டரைப் பிடிப்பார்கள். புது இன்ஜெக்டரின் மேல் இருக்கும் எண்ணைப் பல மாடல்களில் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதைச் செய்தார்களா என்று பில் கட்டும் முன் கேளுங்கள்.

எல்லாம் மாற்றியும் அதே சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் கம்ப்ரஷன் டெஸ்ட்தான். வால்வு கிளியரன்ஸா, ரிங்கா, ஹெட் கேஸ்கெட்டா என்பது அதில் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கோடை அழித்துவிட்டு, காலி வண்டியாக இல்லாமல் லோடோடு ஓட்டிப் பாருங்கள். அந்த முதல் லோடு பட்டாசாக இல்லாமல் பேப்பராக இருக்கட்டும்.