புதியோர்க்கு ஏற்ற லினக்ஸ்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு உடைமை கைமாறிய வரலாறாகும். 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய அத்துறைமுகத்தின் கடற்படைத் தளம், 1957இலேதான் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. ஆதலின், நாளும் பயன்படும் பொருளுக்கு உரியவர் யார் என்னும் வினா இம்மாவட்டத்தார்க்குப் புதியதன்று. இன்று அவ்வினா அவர்தம் இல்லங்களிலுள்ள மடிக்கணினியைக் குறித்தும் எழுகின்றது.

2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி அற்றவை. பழுதில்லாத கணினியைக் கழித்துவிடுவதோ என்று மாணவரும் பெற்றோரும் மயங்குவது இயல்பே. அவர்க்கு மாற்றுவழி ஒன்று உண்டு.

எவரும் பயிலவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்குவதற்காக, அமெரிக்கராகிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் ‘குனூ’ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் கருவை வெளியிட்டார். ஆயினும், இயந்திரம் மட்டும் இருந்தால் படகு ஆகிவிடாது. கருவோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தருவதே ‘வழங்கல்’ எனப்படும். 1993இல் தோன்றிய ஸ்லாக்வேர், டெபியன் ஆகியவற்றை நிறுவுதற்கு அந்நாளில் நல்ல பயிற்சி வேண்டியிருந்தது. 2004 ஒக்டோபரில், தென்னாபிரிக்கராகிய மார்க் ஷட்டில்வர்த்தின் முயற்சியால், டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு வெளிவந்தது; கேட்டோர்க்குக் குறுந்தகடுகள் கட்டணமின்றி அஞ்சலிற் சென்றன. 2006இல் அதனின்று லினக்ஸ் மின்ட் கிளைத்தது.

இத்தகைய கட்டற்ற மென்பொருள் இலங்கைக்கு அயலானதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தாக்கியது. அதன்பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவுசெய்ய, இலங்கைத் தன்னார்வலர் ‘சஹானா’வை அதே உரிமைமுறையில் ஆக்கினர். பின்னர்ப் பிறநாட்டுப் பேரிடர்களிலும் அது பயன்பட்டது.

தமிழ்நாட்டில், சென்னை சி-டாக் அமைப்பு 2007இல் ‘பாஸ்’ என்னும் வழங்கலை வெளியிட்டது. 2011இல் அம்மாநில அரசு மாணவர்க்கு அளிக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் பாஸும் விண்டோஸும் அருகருகே இடம்பெற்றன. பழகியதை ஒருங்கே பறிக்காமல் புதியதை உடன்வைத்தல் கற்போர்க்கு நன்று என்பதே இதனின்று கொள்ளத்தக்க பாடம்.

எனவே, முதன்முறை தேர்வோர்க்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது. கறுவாவின் ஆங்கிலப் பெயர் தாங்கிய அதன் ‘சினமன்’ முகப்பு, விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அயலாகத் தோன்றாது. அதற்கு 4 ஜிகாபைட் நினைவகம் போதும். வலுக்குறைந்த கணினிக்கு ‘எக்ஸ்எஃப்சிஇ’ முகப்பு பொருந்தும். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபிஸ் உடன்வருகின்றது. தமிழ்99, ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகை முறைகளையும் அமைத்துக்கொள்ளலாம்.

நிறுவுமுன் அதனை யுஎஸ்பி நினைவுக்கோலிலிருந்தே இயக்கி, கம்பியில்லா இணைய இணைப்பும் ஒலியும் அச்சுப்பொறியும் இயங்குகின்றனவா என ஆராய்தல் வேண்டும். கோப்புகளுக்கு வேறிடத்தில் படியெடுத்து வைத்தலும் இன்றியமையாதது. இவ்விரண்டும் முடிந்தபின் நிறுவுவோர்க்கு, பழைய கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.