முத்துப் பாரின் பகையாளிகள்: மன்னார் வளைகுடாவும் புற்றுநோய் மருந்துத் தேடலும்

1905-ல் ஆர்தர் டெண்டி என்ற விலங்கியலாளர் ஒரு கடற்பஞ்சுக்கு ‘க்ளையோனா மார்கரிட்டிஃபெரே’ என்று பெயரிட்டார். பெயரின் பின்பாதி முத்துச்சிப்பியைக் குறிப்பது. ஆனால் உறவு நல்லுறவு அல்ல. சிப்பியின் ஓட்டைத் துளைத்து, அந்தத் துளைக்குள்ளேயே குடியிருக்கும் பஞ்சு அது. துளை உட்புறம்வரை எட்டும்போது சிப்பி புதிது புதிதாக முத்துப்பூச்சு பூசி அடைக்கப் பார்க்கும். ஓடு நொறுங்கும் அளவுக்குப் போய்விட்டால் சிப்பி பிழைக்காது.

இந்தப் பஞ்சு அறிவியல் ஏட்டில் இடம்பிடித்ததே முத்துக்கு எதிரி என்ற வகையில்தான். மன்னார் வளைகுடாவின் கடற்பஞ்சுகளும் ஆசிடியன்களும் நெடுங்காலம் அப்படியே பார்க்கப்பட்டன. தொட்டால் நீரைப் பீய்ச்சும், பை போன்ற உடல்கொண்ட, பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் உயிரிகளே ஆசிடியன்கள். பிற்காலத்தில் உலகின் பல ஆய்வகங்கள் புற்றுநோய்க்கு மருந்து தேடிப் போனது இதே இரண்டு கூட்டங்களிடம். முத்து வருவாயைக் காப்பதற்காக எழுதப்பட்ட உயிரினப் பட்டியல்கள், எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திராத ஒரு தேடலுக்கு அடித்தளமாயின.

வருவாய்க்காக எடுத்த கணக்கு

தூத்துக்குடிக் கடலில் பரவர்கள் கல்லைக் காலில் கட்டி மூழ்கி முத்துக் குளித்த பாறைத்திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. பாரில் சிப்பி எப்போது விளையும், எப்போது அழியும் என்பது யாருக்கும் பிடிபடவில்லை. சில ஆண்டுகள் கொழிக்கும். பிறகு பல ஆண்டுகள் வெறும் மணல்தான். குத்தகையையும் வரியையும் நம்பியிருந்த ஆங்கில அரசுக்கு இது தலைவலி.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1880-களின் இறுதியில் முத்து, சங்குக் குளிப்புகளைப் பார்வையிட இந்தக் கரைக்கு வந்தார். சிப்பியோடு வலையில் வந்த மற்ற உயிரிகளையும் அவர் சாராயத்தில் போட்டுப் பத்திரப்படுத்தினார். அவர் சேர்த்த பஞ்சுகளைப் பற்றி டெண்டி 1887-லும் 1889-லும் அறிக்கை எழுதினார். ஆசிடியன்கள் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனிடம் போயின. சேலஞ்சர் கப்பல் பயணத்தில் சேர்த்த ஆசிடியன்களை வகைப்படுத்தியவர் அவர். இந்தத் துறையில் அன்று அவருக்கு நிகரானவர் குறைவு. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த ஒரு புதிய இனத்துக்கு 1890-ல் அவர் ‘எக்டினாசிடியா தர்ஸ்டோனி’ என்று பெயர் வைத்தார். சேகரித்தவரின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

1891-க்குப் பின் பத்தாண்டுக்கு மேல் இலங்கைப் பார்களில் முத்துக்குளிப்பே நடக்காமல் போனது. காரணம் கண்டறிய 1902 ஜனவரியில் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெலுடன் இலங்கைக்கு வந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவர்களது அறிக்கை இன்றும் இந்தக் கடலின் அடிப்படை ஆவணம். மணல் நகர்வு, மீன்கள், துளைக்கும் பஞ்சு, சிப்பிகளின் மேல் பாய்போல் படர்ந்து மூச்சுமுட்டச் செய்யும் சூரன் என்ற சிறு மட்டி, நாடாப்புழுவின் இளம்பருவம் என எல்லாமே அதில் உண்டு. ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து தூத்துக்குடிப் பார்களையும் சங்கையும் ஆராய்ந்தார்.

பகைப் பட்டியல் சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்டது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்போடு இயற்கை முத்தின் காலம் முடிந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் உருண்டை முத்தைச் செயற்கையாக வளர்த்துக் காட்டினார். வேப்பலோடையில் சிப்பிகளைக் கூண்டில் தொங்கவிட்டபோது பழைய எதிரிகள் திரும்ப வந்தார்கள். அவரும் செல்லமும் 1976-ல் எழுதிய கட்டுரையின் பொருளே இதுதான்: பண்ணைச் சிப்பிகளின் மேல் ஒட்டுபவை எவை, துளைப்பவை எவை, சாவு எவ்வளவு? கொட்டலசு, பாசிவிலங்கு, ஆசிடியன், துளைபஞ்சு என்று பட்டியல் போனது. கூண்டை அவ்வப்போது மேலே எடுத்துச் சிப்பி சிப்பியாகச் சுரண்டுவது பண்ணை வேலையின் ஒரு பங்காகவே ஆனது. அதே நிலையத்தின் பி. ஏ. தாமஸ், சிப்பிப் பார்களையும் பவளப்பாறைகளையும் அரிக்கும் பஞ்சுகளைத் தனியே ஆராய்ந்தார். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலுமாக 275 பஞ்சு இனங்களை அவர் 1985-ல் தொகுத்துக் கொடுத்தார்.

ஃப்ளோரிடாவில் எடுத்த பஞ்சு

எதிரி என்ற பெயருக்கு ஓர் உயிரியல் காரணம் உண்டு. பஞ்சும் ஆசிடியனும் ஓடி ஒளிய முடியாதவை. கடிக்கப் பல்லில்லை, மூடிக்கொள்ள ஓடில்லை. பாறையில் ஒரு கையகல இடத்துக்கு நடக்கும் போட்டியில் அவற்றுக்கு இருக்கும் ஆயுதம் வேதிப்பொருள். அடுத்திருக்கும் உயிரியின் செல் பிரிவதைத் தடுக்கும் பொருளைச் சுரப்பவை பல. செல் பிரிவதைத் தடுப்பதுதான் புற்றுநோய் மருந்தின் வேலையும்.

இது முதலில் தெரியவந்தது அமெரிக்காவில். ஃப்ளோரிடாவின் எலியட் கீ அருகே 1945-ல் எடுத்த ஒரு பஞ்சிலிருந்து வெர்னர் பெர்க்மன், டி.என்.ஏ.வின் உறுப்புகளை ஒத்த விநோதமான நியூக்ளியோசைடுகளைப் பிரித்தெடுத்தார். டி.என்.ஏ.வில் இருக்க வேண்டிய சர்க்கரையின் இடத்தில் அவற்றில் அரபினோஸ் என்ற வேறு சர்க்கரை இருந்தது. 1950-களில் அவர் இதை வெளியிட்டார். அந்த அமைப்பைப் பார்த்து 1959-ல் பெர்க்கிலியில் சைட்டரபின் ஆய்வகத்தில் தயாரானது. பிரியப்போகும் செல் இதைச் சொந்தச் சரக்கென்று நம்பி டி.என்.ஏ. சங்கிலியில் கோத்துவிடுகிறது, அந்த இடத்தில் சங்கிலி தடைபடுகிறது. வேகமாகப் பிரியும் ரத்தப் புற்றுச் செல்கள்தான் இதில் முதலில் சிக்குகின்றன. 1969-ல் அமெரிக்க அரசு அனுமதித்த இம்மருந்து, தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. இதைத் தயாரிக்க ஒரு பஞ்சைக்கூடக் கடலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பஞ்சு கொடுத்தது யோசனை மட்டுமே.

ஆசிடியன்களின் கதை இன்னும் சிக்கலானது. கரீபியக் கடலின் ‘எக்டினாசிடியா டர்பினேட்டா’வின் சாறு புற்றுச் செல்களை அழிப்பதாக 1969-லேயே குறிப்பு வந்தது. சாற்றில் அந்தப் பொருள் இருந்த அளவோ மிகச் சொற்பம். அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட 1990 ஆகிவிட்டது. ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஆசிடியன் வேண்டும் என்ற கணக்கு எல்லோரையும் மலைக்க வைத்தது. 1996-ல் ஹார்வர்டில் ஈ. ஜே. கோரி முழுச் செயற்கை வழியைக் காட்டினார். பிறகு ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று பாக்டீரியாவில் விளையும் ஒரு பொருளிலிருந்து தொடங்கிப் பாதித் தூரத்தை மிச்சம் பிடித்தது. 2007-ல் ஐரோப்பாவில் மென்திசுப் புற்றுக்கு அனுமதி பெற்ற இந்த மருந்தின் பெயர் டிராபெக்டெடின்.

இந்த இடத்தில்தான் தர்ஸ்டனின் பெயர் மறுபடி தலைகாட்டுகிறது. தாய்லாந்து, ஜப்பான் ஆய்வாளர்கள் புக்கெட் பகுதிக் கடலில் எடுத்த எக்டினாசிடியா தர்ஸ்டோனியைச் சோதித்தனர். பொருள் சிதைந்துவிடாமல் நிலைப்படுத்த உயிரியை முதலில் பொட்டாசியம் சயனைடால் பக்குவம் செய்து, பிறகு சாறெடுத்தனர். டிராபெக்டெடின் குடும்பத்தைச் சேர்ந்த எக்டினாசிடின் 770, 786 என்ற இரு பொருள்கள் கிடைத்ததை 2002-ல் வெளியிட்டனர். முத்துக்குளிப்பைப் பார்க்க வந்தவர் மன்னார் வளைகுடாவில் சேர்த்த இனம், நூறாண்டு கழித்து வங்கக்கடலுக்கு அப்பால் தன் சரக்கைக் காட்டியது.

மஞ்சளும் ஊதாவும், தங்கமும்

இந்தியாவில் கடலிலிருந்து மருந்து தேடும் தேசியத் திட்டத்தை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒருங்கிணைத்தது. தூத்துக்குடியில் ஆசிடியன் ஆய்வைக் கையில் எடுத்தவற்றுள் முக்கியமானது ஏ.பி.சி. மகாலட்சுமி மகளிர் கல்லூரி. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தின் தூண்கள், மிதவைகள், கப்பல்களின் அடிப்பகுதி ஆகியவை ஆசிடியன்களுக்கு நல்ல வீடு. ஃபல்லூசியா நைக்ரா என்ற கறுப்பு ஆசிடியன் உட்படப் பல இனங்களை அக்கல்லூரி ஆய்வாளர்கள் இனங்கண்டு, சாறெடுத்து, செல்கள் மீதும் எலிகளில் உருவாக்கிய கட்டிகள் மீதும் சோதித்திருக்கிறார்கள்.

சோதனையின் முதல்படி எளிமையானது. உயிரியை உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கினால் பிசுபிசுவென்று ஒரு கசடு மிஞ்சும். சிறு குழித்தட்டில் வளரும் புற்றுச் செல்கள் மீது அதை வெவ்வேறு அளவில் விட்டு, பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் உப்பைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாப் படிகமாக மாற்றும். செத்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு செல்கள் செத்திருக்கின்றன.

இந்த நிறக்கணக்குக்கு ஒரு குறை உண்டு: கடைசி நிலையை மட்டும்தான் சொல்லும். இதை மாற்றியது பொருளறிவியல். 1984-ல் ஐவர் கியேவரும் சார்லஸ் கீஸும் மெல்லிய தங்கத் தகட்டு மின்வாயின் மேல் செல்களை வளரவிட்டார்கள். செல் பரந்து ஒட்டும்போது மின்தடை ஏறுகிறது. மருந்து பட்டுச் சுருங்கினால் இறங்குகிறது. செல்லைக் கொல்லாமல், சாயமிடாமல், அது மருந்துக்கு மசியும் கணத்தையே இந்த உணரி பதிவுசெய்கிறது.

உணரிக்கான பொருளையும் பஞ்சே கற்றுக்கொடுத்தது. நாம் கண்ணாடி செய்ய ஆயிரம் டிகிரிக்கு மேல் உலை மூட்டுகிறோம். பஞ்சு குளிர்ந்த கடல்நீரில் சிலிக்கா முள்களைக் கட்டுகிறது. ‘டெத்யா ஆரன்ஷியா’ என்ற பஞ்சின் முள்களுக்குள் இருந்த சிலிக்காட்டின் என்ற புரதத்தை 1998-ல் கலிபோர்னியாவின் டேனியல் மோர்ஸ் குழு வெளிக்கொணர்ந்தது. அறை வெப்பத்தில், அமிலமோ காரமோ இல்லாத நீரில் அதே புரதம் சிலிக்கா உண்டாக்குவதை அடுத்த ஆண்டு காட்டியது. சூட்டிலும் அமிலத்திலும் கெட்டுப்போகும் நொதிகளைச் சிலிக்காவுக்குள் பத்திரமாகப் பொதிந்து உயிர்உணரி செய்ய இது வழிகாட்டியது. பெர்க்மனின் பஞ்சும் ஒருகாலத்தில் டெத்யா இனமாகவே வகைப்படுத்தப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

சாற்றுக்கும் மருந்துக்கும் இடையே

தூத்துக்குடிக் கடலிலிருந்து இதுவரை ஒரு புற்றுநோய் மருந்தும் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. தட்டில் செல்லைக் கொல்லும் கசடில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும். கொல்வது எது என்று பிரித்து, அமைப்பை அறிந்து, நல்ல செல்லை விட்டுவிடுகிறதா என்று பார்த்து, மனிதரில் மூன்று கட்டம் சோதிக்கப் பத்து, இருபது ஆண்டுகள் பிடிக்கும். கரீபிய ஆசிடியனின் டிடெம்னின் பி 1980-களில் மனிதச் சோதனைவரை போயும், நச்சுத்தன்மை மிகுந்து கைவிடப்பட்டது.

சரக்கு எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. 1989-ல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது. டன் கணக்கில் வாரியெடுக்கும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. அதற்கான தேவையும் குறைந்துவருகிறது. டிராபெக்டெடினை உண்மையில் உண்டாக்குவது ஆசிடியனுக்குள் வாழும் ஒரு பாக்டீரியா என்பதற்கு 2011-ல் மரபணுச் சான்று வெளியானது. சுரக்கும் பாக்டீரியாவின் மரபணுவைப் படிக்கக் கைப்பிடி அளவு உயிரியே போதும். தீவுகளைத் தொடாமல், துறைமுகத் தூண்களில் கப்பல்களோடு வந்து படிந்த ஆசிடியன்களிலிருந்தே அந்தக் கைப்பிடியை எடுக்கலாம். சுரண்டி எறியப்படுவதால் அதற்குத் தட்டுப்பாடும் கிடையாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிக் கிளை, அதே துறைமுகப் பகுதியில், உலோகத்தின் மேல் கடலுயிரிகள் ஒட்டுவதையும் துருப்பிடிப்பதையும் ஆராய்கிறது. அங்கு ஒட்டுயிரியை அகற்றும் வழி தேடுகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளிக் கல்லூரி ஆய்வகத்தில் அதே உயிரியை மெத்தனாலில் ஊறவைக்கிறார்கள்.