இடைப்பனுவல்

ஒரு பனுவலுக்குள் வேறு பனுவல்கள் ஊடும் பாவுமாக ஓடும் தன்மை. ரஷ்ய இலக்கியக் கோட்பாட்டாளர் பக்தினின் எழுத்தை விளக்கப் புகுந்த ஜூலியா கிறிஸ்தெவா 1960களின் பிற்பகுதியில் பிரெஞ்சில் ஆக்கிய சொல்லின் தமிழ் வடிவம். மூலத்தின் வேர், நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. நம் நன்னூலும் சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் உருவகிக்கிறது. எனவே இதே பொருளில் வழங்கும் ‘பிரதி’யைவிடப் ‘பனுவல்’ இங்கே நன்றாகப் பொருந்துகிறது.

ஆங்கில இலக்கியத் திறனாய்வில் இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு, டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ (1922). அதன் மூன்றாம் பகுதியில், ஸ்பென்சர் 1596இல் வெளியிட்ட மணவாழ்த்துப் பாடலின் தேம்ஸ் நதி மீண்டும் வருகிறது. ஆனால் அங்கே பூக்கூடையோடு உலவிய நீரரமகளிர் இங்கே போய்விட்டார்கள். இரண்டு நதிகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே வெறுமையின் முழு அளவு தெரியும். எலியட்டே பின்குறிப்புகளும் எழுதிச் சேர்த்தார். உரையாசிரியர்களுக்கு நல்ல வேட்டை!

அந்த வேட்டையே பின்னர் வினையாயிற்று. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மூலம் தேடுவதே இடைப்பனுவல் ஆய்வு என்றாகிவிட, கிறிஸ்தெவா 1974இல் இச்சொல்லை விட்டு ‘இடமாற்றம்’ என்ற பொருள்படும் வேறொன்றைக் கைக்கொண்டார். திறனாய்வாளர்கள் பழையதையே வைத்துக்கொண்டார்கள்.