பெயின்ட் அடிக்காத டிராக்டர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கம் தீவிலும், கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடி, மண்ணச்சநல்லூர் வயல்களிலும் நெடுங்காலம் மாட்டு உழவுதான். மாடு வாங்க மணப்பாறைச் சந்தைக்குப் போனார்கள். பல்லைப் பார்த்து வயதும் சுழியைப் பார்த்து ராசியும் கணித்து, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள்.

1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாசி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கேயே தயாரித்தது. அதே ஆண்டு பக்கத்துத் தஞ்சையில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் வந்தது. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகு விவசாயக் கடன் கிராமங்களை எட்டியது. 1970-இல் குடும்பத்துக்கான நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. துண்டு துண்டான வயலை வைத்திருப்பவருக்குப் புது வண்டி கட்டுப்படியாகாது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை உழவு ஓட்டுபவருக்கும் முதல் குறைவாகவே போட முடியும். பழைய வண்டிக்கு மதிப்பு வந்தது இதனால்தான்.

பழைய டிராக்டர் வியாபாரத்தில் புதுப் பெயின்ட் அடித்த வண்டியைவிட, உழுது வந்த கோலத்தில் நிற்கும் வண்டியே நம்பத்தக்கது. விரிசலையும் வெல்டிங்கையும் எண்ணெய்க் கசிவையும் பெயின்ட் மறைத்துவிடும். துருவும் கசிவும் வண்டியின் வரலாற்றை மறைக்காமல் சொல்லும். வாங்க வருபவர் என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்வார். சூடேறிய என்ஜின் பல குறைகளைக் காட்டாது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்ததும் அது சரசரவென்று இறங்கினால் ஹைட்ராலிக் தேய்ந்திருக்கிறது.

காவிரிப் பாசன வயலில் ஓடிய வண்டிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சேற்றுழவில் இரும்புக் கேஜ் வீல் மாட்டி ஓட்டும்போது அச்சுக்கும் சீலுக்கும் பாரம் கூடும். சீல் தேய்ந்தால் சேற்றுநீர் உள்ளே இறங்கும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் பால் கலந்த காப்பிபோல வெளுத்திருக்கும். இதை எந்தப் பெயின்டும் மறைக்காது. பார்க்காமல் வாங்கியவர் கியர் பெட்டியைப் பிரித்து பேரிங் வரை மாற்ற நேரும். சேற்றுக்கு ஆகாத வண்டியும் வீணாவதில்லை. டிரெய்லர் இழுக்கவும் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டவும் அது போதும்.

தாள்களின் நிலையும் விலையில் சேரும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்கள் தேவை. கடனில் வாங்கிய வண்டியானால் 35-ஆம் படிவத்தில் வங்கியும் கையெழுத்திட்டு அடமானத்தை நீக்க வேண்டும். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவும் வேண்டும். எண் பொறித்த இடத்தில் பெயின்ட் தடித்திருந்தால், அதைச் சுரண்டிப் பார்த்த பிறகே முன்பணம் கைமாறும்.