மலாயாவில் மேடை மற்போர்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஜார்ஜ் டவுன் மக்களின் மாலைப் பொழுதுக்குக் களிப்பூட்டிய இடங்களுள் கேளிக்கைப் பூங்காக்கள் முதன்மையானவை. 'நியூ வேர்ல்டு பார்க்', 'வெம்பிளி பார்க்' என்னும் பெயர்களைப் பினாங்கின் மூத்த தலைமுறையினர் இன்றும் மறந்திலர். சிறு தொகையை நுழைவுக் கட்டணமாகக் கொடுத்து உள்ளே சென்றவர், சீன நாடகம், மலாய் மக்களின் பங்சாவான், ரோங்கெங் நடனம், திரைப்படம் ஆகிய யாவற்றையும் ஒரே மதிலுக்குள் காணலாம். குத்துச்சண்டையும் மற்போரும் அங்கே நடைபெற்றன. சிங்கப்பூரில் 1923ஆம் ஆண்டு தோன்றிய நியூ வேர்ல்டும், அதன்பின் எழுந்த கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு ஆகியனவும் இவ்வகைப் பூங்காக்களுக்கு முன்மாதிரிகள். பினாங்கின் நியூ வேர்ல்டு இருந்த இடத்தில், சுவாத்தோ சந்தை ஒட்டி, அதே பெயரோடு உணவுக் கடைகள் இன்று நடக்கின்றன. அங்கே உண்ண வருவோருள் பெரும்பாலோர் அப்பெயரின் பழைய பொருளை அறியார்.

மொழி வேறுபட்ட மக்கள் ஒன்றாக இருந்து காண்பதற்கு மற்போரைப் போன்ற காட்சி பிறிதொன்று இல்லை. நாடகத்திற்கு மொழி வேண்டும், பாட்டிற்கும் வேண்டும். இருவர் கட்டிப் புரள்வதைக் காண்பதற்கு எம்மொழியும் வேண்டியதில்லை. துறைமுகத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும், சீக்கியக் காவலரும், சீன வணிகரும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே நேரத்தில் கூச்சலிட முடிந்தது.

தமிழர்க்கு மற்போர் புதிதன்று. 'மல்' என்னும் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். மாமல்லபுரம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் வடக்கிலிருந்து வந்த சொற்களும் நம்மிடையே நிலைத்துவிட்டன. குஸ்தி, கோதா, பயில்வான் ஆகியன அத்தகையவை. பாரசீகத்துப் 'பஹ்லவான்' தமிழ்ச் செவியில் 'பயில்வான்' ஆனது சுவையான மாற்றம். பயில்பவன் பயில்வான் என்று மாணவர்கள் பொருள் கொள்வதில் சொல்லாராய்ச்சிப் பிழை உண்டே தவிர, உண்மைப் பிழை இல்லை. ஆயினும் கோதா என்பது மண்ணைக் கிளறிப் பதப்படுத்திய பள்ளம். பூங்காக்களில் இருந்ததோ பலகை மேடை, நான்கு மூலையிலும் கம்பம், சுற்றிலும் கயிறு. மண்ணைவிட்டு மேடைக்கு ஏறியபோது மற்போரின் இயல்பே மாறியது. அம்மாற்றம் நேர்ந்த வகையே ஈண்டு ஆராயத்தக்கது.

மலாயாவில் இத்தொழிலுக்குப் பெயர் தேடித் தந்தவர் இருவர். ஒருவர் கிங்காங் என்று அறியப்பட்ட எமில் சாயா. 1909இல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் பிறந்த இவர், 1930களில் இந்தியாவுக்கு வந்து, பின்னர்ச் சிங்கப்பூரையே தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். மற்றவர் தாராசிங். பஞ்சாபில் அமிருதசரசு மாவட்டத்துத் தர்மூச்சக் சிற்றூரில் 1928இல் பிறந்தவர். 1940களின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்த தாராசிங், இரும்புப் பீப்பாய் செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வேர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மற்போர் பயின்றார். 1949இல் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று 'மலேசிய வெற்றிவீரர்' ஆனார் என்று நூல்கள் பல குறிக்கின்றன. 1949இல் மலேசியா என்னும் நாடு இல்லை. மலாயாக் கூட்டாட்சியே இருந்தது. பட்டங்களைப் பற்றி எழுதுவோர் ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகக் கவலை கொள்வதில்லை என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று.

கிங்காங்கும் தாராசிங்கும் எதிரெதிரே நின்ற காட்சி சிங்கப்பூரிலிருந்து இந்தியா வரை மக்களை ஈர்த்தது. பருத்த வெள்ளையர் ஒருவரைக் கட்டான உடல் கொண்ட இந்திய இளைஞர் தலைக்குமேல் தூக்கி எறிகிறார். 1947க்குப் பிந்திய அக்காலத்தில் அக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. நெடுங்காலம் துரைமார் முன் கைகட்டி நின்ற தோட்டத் தொழிலாளிக்கு அந்த வீழ்ச்சி என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம். 'கிங்காங்' என்பது பருத்த உடலினரைக் குறிக்கும் கேலிச் சொல்லாகத் தமிழ்ப் பேச்சிலும் புகுந்தது.

இத்தொழிலில் வெற்றியும் தோல்வியும் மேடையில் முடிவாவன அல்ல. யார் வெல்வது, எத்தனையாவது சுற்றில் வெல்வது, எந்தப் பிடியால் வெல்வது என்பவற்றை ஏற்பாட்டாளர் முன்னரே வகுத்துவிடுவார். ஒருவர் நல்லவராகவும் மற்றவர் கொடியவராகவும் வேடம் ஏற்பர். கொடியவர் நடுவர் காணாதபோது கண்ணைக் குத்துவார். நல்லவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து இறுதியில் பொங்குவார். பலகை மேடை ஓசை மிகுதியாக எழும்படி அமைக்கப்படும். விழுபவர் முகவாயை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒருசேரத் தரையில் படும்படி விழப் பழகியிருப்பார். நெற்றியில் குருதி வேண்டுமெனில் சிறு பிளேடுத் துண்டு மறைவாகக் கையிலிருக்கும். இவற்றை வெளியே சொல்லுதல் தொழில் துரோகமாகக் கருதப்பட்டது. மேடையில் பகைவராகத் தோன்றியவர்கள் ஊரறிய ஒரே வண்டியில் செல்லவும் தயங்கினர்.

இவ்வாறு ஆனதற்குக் காரணம் பேராசை மட்டும் அன்று. உண்மை மற்போர் பெரும்பாலும் காண்பதற்குச் சலிப்பூட்டுவது. 1910 செப்டம்பர் 10ஆம் நாள் இலண்டனில் இந்தியாவின் மாபெரும் மல்லர் காமாவும் போலந்து நாட்டு இசுபிசுகோவும் பொருதனர். காமாவின் வலிமையை உணர்ந்த இசுபிசுகோ, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு எழ மறுத்தார். இரண்டரை மணி நேரத்திற்கும் மேல் ஒருவர் படுத்திருக்க, ஒருவர் புரட்ட முயல, போட்டி முடிவின்றி நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபோட்டிக்கு இசுபிசுகோ வரவில்லை. வெற்றி காமாவுக்கு அளிக்கப்பட்டது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்திற்குள் அவரை வீழ்த்தினார். வரலாற்று ஆசிரியனுக்கு இவ்விரண்டும் பொன்னான செய்திகள். சீட்டு விற்பவனுக்கோ இரண்டும் நட்டம்: ஒன்று மிக நீண்டது, மற்றொன்று மிகக் குறுகியது. இருபது நிமிடத்தில் ஏற்றமும் இறக்கமும் கண்டு வீடு திரும்ப விரும்பும் மக்களுக்கேற்ப, 1920களில் அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் மற்போரை நாடகமாக்கினர். அந்நாடகமே கப்பலேறிக் கீழ்த்திசைக்கும் வந்தது.

எனவே இதனை ஏமாற்று என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாமா? தள்ளுவோர் பலர். அவர்கள் கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைத் தாராசிங்கின் வாழ்க்கையே காட்டும். 1968 மே 29ஆம் நாள் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ் என்பவரை வென்று அவர் உலக வெற்றிவீரர் ஆனார் என்பது புகழ்பெற்ற செய்தி. அந்நாளில் தெஸ்ஸுக்கு வயது 52. அமெரிக்க ஏற்பாட்டாளர்களின் பெருங்கூட்டமைப்பு வழங்கிய உலகப் பட்டத்தை 1966ஆம் ஆண்டு சனவரியிலேயே அவர் ஜீன் கினிஸ்கியிடம் இழந்திருந்தார். ஆகவே பம்பாயில் கைமாறிய 'உலகம்' வேறோர் உலகம். ஆயினும் தெஸ் பின்னாளில் தம் நினைவு நூலில் தாராசிங்கை மெய்யான மற்போர் வீரர் என்றும், உடலைச் சிறப்பாகப் பேணியவர் என்றும் போற்றி, அவரிடம் தோற்பதில் தமக்கு மனக்குறை இருந்ததில்லை என்று குறித்துள்ளார். தொழிலறிந்த ஒருவர் மற்றொருவர்க்கு அளிக்கும் மதிப்பு இது. பட்டம் விளம்பரத்திற்குரியது, உடற்பயிற்சியும் பிடியறிவும் மனிதர்க்குரியவை.

காயங்களும் மெய்யானவையே. ஒப்பந்தத்தால் வீழ்பவருக்கும் முதுகெலும்பு ஒன்றுதான். ஊர் ஊராகச் சாலை வழியே அலையும் அவ்வாழ்க்கையில் ஓய்வூதியம் என்பது கனவிலும் இல்லை. அறுபது வயதை எட்டிய கிங்காங், சாலை விபத்தில் காயமுற்று 1970 மே மாதம் சிங்கப்பூரில் உயிர் நீத்தார். அவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதைப் பற்றி எழுதியவர் பலர்; இதனைப் பற்றி எழுதியவர் சிலரே.

தமிழாசிரியர் இவ்விடத்தில் புறநானூற்றின் 80ஆம் பாடலை நினைவுகூர்வர். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியது அது. ஒரு காலை எதிரியின் மார்பில் ஊன்றியதையும், மறு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து வளைத்ததையும் புலவர் கண்ணால் கண்டவாறே சொல்லுகிறார். மகனோடு பகைத்திருந்த தந்தை தித்தன், விரும்பினும் விரும்பாவிடினும் இதனைக் காணவேண்டும் என்று ஏங்குகிறார். மல்லனின் எடை எத்தனை, அவன் இதுவரை எத்தனை பேரைக் கொன்றான் என்ற பேச்சே அங்கில்லை. சான்று சொல்பவன் பிடியைச் சொல்லுவான்; சுவரொட்டி எடையைச் சொல்லும். தாராசிங் ஐந்நூறு போட்டிகளில் ஒன்றிலும் தோற்றதில்லை என்று வகுப்பறைகளில் சொல்லப்படுவதுண்டு. அது சுவரொட்டியின் குரல். பீப்பாய் ஆலையில் உழைத்துக்கொண்டே பயின்றார் என்பதைச் சொன்னால் மாணவர்க்குப் போதுமானது.

நாடகம் சில வேளைகளில் மெய்யாகிவிடுவதும் உண்டு. 1976 சூன் 26ஆம் நாள் தோக்கியோவில் சப்பானிய மேடை மற்போர் வீரர் அந்தோனியோ இனோக்கியும் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் மோதினர். பதினைந்து சுற்றுகளில் பெரும்பகுதி இனோக்கி மல்லாந்து படுத்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். போட்டி சமநிலையில் முடிந்தது. உண்மைப் போட்டி எனின் ஒருவர் படுத்துக்கொள்வார் என்பது 1910 முதலே விதி போலும். அதே ஆண்டு திசம்பரில் கராச்சியில் இனோக்கியை எதிர்த்தவர், காமாவின் குடும்பத்தைச் சேர்ந்த அக்ரம். அன்றைய ஆட்டத்தில் நாடகம் இல்லை. அக்ரமின் கை மூட்டு சிதைய, பெருந்திரளான தம் மக்கள் முன்னிலையில் அவர் தோற்றார்.

இத்தகைய கலப்புப் போட்டிகளின் வழியில், 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் பல தற்காப்புக் கலையினரை ஒரே கூண்டுக்குள் மோதவிட்ட போட்டி நடந்தது. இன்று கலப்புத் தற்காப்புக் கலை என வழங்குவது அதிலிருந்து வளர்ந்தது. மேடை மற்போரோ 1989இல் தன் மறைவைத் தானே நீக்கியது. நியூ செர்சி மாநிலத்தில் விளையாட்டுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக, தாம் நடத்துவது போட்டியன்று, கேளிக்கையே என்று பெருநிறுவனத்தார் அரசிடம் ஒப்புக்கொண்டனர். தலைமுறை தலைமுறையாகக் காத்த இரகசியம் வரிக்காக வெளிவந்தது.

இவ்விரு கிளைகளும் எவ்வளவு பிரிந்துவிட்டன என்பதை 2017ஆம் ஆண்டு மே மாதத்தின் ஒரே வாரம் காட்டியது. மே 21ஆம் நாள் சிக்காகோவை அடுத்த ரோசுமாண்டில், பஞ்சாபி வழிவந்த கனடியரான ஜிந்தர் மகால், ராண்டி ஆர்ட்டனை வென்று அந்நிறுவனத்தின் உலகப் பட்டத்தைப் பெற்றார். அதற்கு முன் அவர் பெரும்பாலும் தோற்பதற்கென்றே மேடையேற்றப்பட்டவர். இந்தியச் சந்தையை நோக்கியே இம்முடிவு வகுக்கப்பட்டது என்று அந்நாளிலேயே பரவலாகப் பேசப்பட்டது. நவம்பரில் அவரிடமிருந்து பட்டம் எடுக்கப்பட்டது. இரு நாள்களுக்கென அறிவிக்கப்பட்ட தில்லிக் காட்சி ஒரு நாளாகச் சுருங்கியது. திசம்பர் 9ஆம் நாள் அங்கே, இந்திய மக்கள் முன்னிலையில், நிறுவன உரிமையாளரின் மருமகனான டிரிப்பிள் எச்சிடம் அவர் தோற்கவும் செய்தார். கிங்காங் காலத்து ஏற்பாட்டாளர் இவ்வளவு கவனக்குறைவாக இருந்திருக்கமாட்டார்.

அதே மே மாதம் 26ஆம் நாள், சிங்கப்பூர் உள்ளரங்கில் கோலாலம்பூர்ச் செந்தூலைச் சேர்ந்த அகிலன் தணி என்னும் 21 வயதுத் தமிழ் இளைஞர் உலகப் பட்டத்திற்காகக் கூண்டேறினார். பருத்த உடலால் கேலிக்கு ஆளான சிறுவனாக இருந்து, பயிற்சியால் உடலை இளைக்கச் செய்து, அதுவரை தோல்வி காணாமல் வந்தவர் அவர். எதிரே நின்றவர் 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மற்போரில் கலந்துகொண்ட பென் ஆஸ்கிரன். முதற்சுற்றில், மூன்று நிமிடம் நிறைவதற்குள், கையையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கும் பிடியில் அகப்பட்டு அகிலன் தோற்றார். அந்த முடிவை எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர் மீண்டும் பயிற்சிக்கூடம் சென்றார். 2019 சூன் 15ஆம் நாள் சாங்காயில், வயதிலும் அனுபவத்திலும் மிக மூத்த சப்பானிய வீரர் யோசிகிரோ அக்கியாமாவோடு மூன்று சுற்றும் நின்று பொருதார். மூன்று நடுவர்களும் அகிலனுக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தனர்.